உழவு மாடுகளைச் சாந்தமாய் நடத்தும் முறை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



சென்னை மாகாணத்தில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ம் வருஷத்தில் திரூர் கிராமத்தில் ஏற்பட்டது. அக்காலம் முதல் கிராமச் சங்கங்கள் கடன் கொடுத்து வந்திருக்கும் காரியங்களுள் உழவு மாடு வாங்குதலும் ஒன்று. விதைக்கோ எருவுக்கோ வாங்கிய கடன் ஒரு போகத்தில் தீர்ந்துவிடும். மாட்டுக்கு வாங்கிய கடனோ அந்த மாடு பல வருஷம் திடமாக உழைத்தால்தான் தீரும். வாங்கிய ஆறாம் மாதத்தில் மாடு காலொடிந்து போனாலும், கழுத்துப் புண்ணால் நுகத்துக்கு உதவாமற் போனாலும், முரடாகி மனிதரைக் குத்தத் தொடங்கினாலும், மாடு போய்விடும். கடன் மாத்திரம் நிற்கும். மாடு மிரண்டு எஜமானனுடைய விலா எலும்பையோ முழங்காலையோ ஒடித்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தைச் சொல்லவேண்டியதில்லை. இவற்றுள் பெரும்பாலானவை விதியினால் நேருவன அல்ல. கையாளும் முறை தெரியாமையால் நேருவன. ஆகையால் இன்றைய பேச்சுக்கு இவ்விஷயம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

டிராக்டர் வந்தபின் மாட்டு விஷயம் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஏர் மாடுகள் முன்போல் இல்லை என்பது உண்மையே. ஆயினும் சிறு நிலக்காரர்களுக்கும், வரப்பு நெருங்கிய துண்டு நிலங்களுக்கும், சேறு ஆழமான வயல்களுக்கும், பயிரின் நடுவே களை ஓட்டுவதற்கும் மாடு இன்னும் வேண்டியதாகவே இருக்கிறது. மாடுகள் குறைந்ததனாலேயே ஒரு புதிய அபாயமும் உண்டாயிருக்கிறது. முற்காலத்தில் உழவன் மகன் நடக்கக் கற்ற நாள் முதல் தொழுவத்தில் வளர்ந்தான். மாட்டின் குணம் அவனுக்கு ஒருவரும் சொல்லாமலே தெரிந்தது. இக்காலத்தில் முப்பது வயதில் முதன் முதலாக ஒரு ஜோடி வாங்கும் வாலிபர் அநேகர். அவர்களுக்கு மாட்டின் விலை தெரியும்; மாட்டின் மனது தெரியாது.

மாடுகளின் ஜாதியும் குணமும்

எல்லா மாடும் ஒரே குணமுள்ளதன்று. காங்கேயம் மாடு திடகாத்திரமுள்ளது. பார வண்டிக்கும் ஆழ உழவுக்கும் ஏற்றது. நன்றாய் வளர்ந்த காளை சுமார் 500 கிலோ எடை இருக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இந்த ஜாதியைப் பேணி விருத்தி செய்தது பிரசித்தம். பர்கூர் மலையைச் சேர்ந்த செம்மறை மாடு வேகத்துக்கும் சளையாத நடைக்கும் பேர்போனது. காட்டுப் பட்டியில் வளர்வதால் அன்னியரைக் கண்டால் மருளும். அதைப் பழக்குவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். பழைய தஞ்சை ஜில்லாவின் கடைமடைப் பிரதேசத்து உம்பளச்சேரி மாடு உருவத்தில் சிறியது. சேற்று உழவில் நாள் முழுதும் நிற்க வல்லது. கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் அதற்கு மொட்டை மாடு என்றும் பெயர்.

கண்ணபுரம், அந்தியூர் முதலிய சந்தைகளில் மாடு வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவற்றோடு, மாடு கையைக் கண்டு தலையை உதறுகிறதா, வாலைத் தொட்டால் துள்ளுகிறதா, காலைத் தூக்க விடுகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். அடிபட்டு வளர்ந்த மாடு ஓங்கின கையைக் கண்டாலே கண்ணை இடுக்கும். அதற்கு எத்தனை நல்ல சுழி இருந்தாலும் வீட்டிற்கு வந்து அது செய்யும் சேஷ்டைக்கு வாங்கினவரே உத்தரவாதி.

மாட்டின் கண்ணும் செவியும்

மாடு ஏன் மிரளுகிறது என்று அறிந்தால் பாதி அபாயம் நீங்கிவிடும். மனிதனுக்குக் கண்கள் முகத்தின் முன்பக்கத்தில் இருக்கின்றன; மாட்டுக்கோ தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. ஆகையால் அது தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் காணும். அது காணாத இடங்கள் இரண்டே: நேர் பின்புறம் ஒன்று, மூக்குக்கு மிக அருகிலுள்ள முன்புறம் மற்றொன்று. பின்புறமாய்ச் சத்தமில்லாமல் வந்து தொடையைத் தட்டும் மனிதன் அதற்கு மனிதனாகத் தோன்றுவதில்லை. புலி பாய்ந்தது போலவே தோன்றும். அப்போது உதைப்பது அதன் குற்றமன்று.

பள்ளம் மேடுகளை நிதானிக்கும் சக்தியும் மாட்டுக்குக் குறைவு. தரையில் விழுந்த மரநிழல், தேங்கிய தண்ணீர், சாக்கடை மூடிய பலகை, வெயிலில் பளபளக்கும் தகரம், காற்றில் ஆடும் துணி இவற்றைக் கண்டு திடீரென்று நின்றுவிடுவது இதனாலேயே. அந்தச் சமயத்தில் சாட்டையை வீசுகிறவன், நிழலில் ஏதோ ஆபத்திருக்கிறது என்று மாடு சந்தேகித்ததை நிச்சயப்படுத்திவிடுகிறான். தலைக்கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்க ஒரு நிமிஷம் விட்டால் பெரும்பாலும் தானே கடந்து போகும்.

மாட்டின் காது மனிதன் காதினும் கூர்மையானது. மனிதனுக்குக் கேட்காத மெல்லிய உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும். கூச்சலும், தகரம் மோதும் ஓசையும், ஊதல் சப்தமும் அதற்கு மிகுந்த துன்பம் தருவன. தொழுவத்தில் உரக்கக் கத்துகிறவனிடம் மாடு அடங்குவதாக நினைப்பது தவறு. அது அடங்குவதன்று, நடுங்குவதே. நடுங்கும் மாடு எந்தப் பக்கம் பாயும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு தரம் நன்றாய் மிரண்ட மாடு அடுத்த கணமே சாந்தமாவதில்லை. அதன் இரத்த வேகமும் மூச்சும் பழைய நிலைக்கு வர இருபது முப்பது நிமிஷம் ஆகும். மிரண்ட மாட்டை உடனே மடக்கி நுகத்தில் பூட்டுவதால் நேரும் விபத்துகள் பல. அரைமணி நேரம் நிழலில் கட்டி வைத்தால் வேலை கெட்டுப்போவதில்லை.

அணுகும் முறை

மாட்டினிடம் போகுமுன் குரல் கொடுக்கவேண்டும். பெயரிட்டு அழைத்தால் மிகவும் நல்லது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் போகாமல், தோளுக்கு நேரே சாய்வாக, அவசரமில்லாத நடையில் அணுக வேண்டும். முதலில் தொடவேண்டிய இடம் கழுத்தும் தோளுமேயன்றி நெற்றியன்று. இளங்காளையின் நெற்றியைத் தட்டியும் தள்ளியும் பிள்ளைகள் விளையாடுவதுண்டு. அது முட்டப் பழக்குவதற்குச் சமானம். கன்றாயிருக்கும்போது வேடிக்கையாய்த் தோன்றும் அந்தப் பழக்கம், நான்கு பல் போட்டபின் உயிருக்கு ஆபத்தாய் முடியும்.

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. அன்னியன் அந்த எல்லைக்குள் வந்தால் மாடு விலகும்; எல்லைக்கு வெளியே நின்றால் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்கும். பழகிய ஏர் மாட்டுக்கு இந்த எல்லை ஏறக்குறைய இல்லை. பட்டி மாட்டுக்குப் பல அடி தூரம் இருக்கும். எல்லையின் ஓரத்தில் நின்று, மாட்டின் தோளுக்குப் பின்புறமாய் ஓர் அடி நகர்ந்தால் மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்புறமாய் நகர்ந்தால் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும். இதை அறிந்தவனுக்குக் கோல் வேண்டுவதில்லை. தன் உடம்பை நிறுத்தும் இடமே கோலாகும்.

குதிரை பின்புறமாய் உதைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. மாடோ பின்னங்காலை முன்னுக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசி உதைக்கும். ஆகையால் மாட்டின் பின்தொடைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று அடி தூரத்தில் நிற்பதே மிக அபாயம். நின்றால் உடம்போடு உடம்பாய் நெருங்கி, ஒரு கையை அதன் முதுகின்மேல் வைத்து நிற்கவேண்டும். இல்லாவிடில் கால் எட்டாத தூரத்தில் நிற்கவேண்டும். நெருங்கி நிற்பவனுக்குத் தள்ளுதல் உண்டே தவிர, வீசிய அடி இல்லை.

சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒருபோதும் புகலாகாது. தொழுவத்தில் நுழையும் முன்பே திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும், இடுப்பில் கட்டிக்கொள்வதும் கூடவே கூடாது. மாடு ஓடினால் சுற்றிய விரல் கயிற்றோடு போகும். கயிற்றை மடித்துப் பிடித்தால் விட வேண்டிய சமயத்தில் விட முடியும். கட்டுத்தறியில் போடும் முடிச்சும் ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கவேண்டும். தீப்பிடித்தபோதும் வெள்ளம் வந்தபோதும் இந்த ஒரு முடிச்சே மாட்டைக் காப்பாற்றும்.

கன்றைப் பழக்குதல்

மாட்டைப் பழக்கும் காலம் நுகத்தில் பூட்டும் நாளன்று ஆரம்பிப்பதில்லை; கன்று பிறந்த வாரத்திலேயே ஆரம்பிக்கிறது. நாள்தோறும் கன்றின் கழுத்து, முதுகு, வயிறு, கால் ஆகியவற்றைத் தடவிவிட்டு, குளம்பைத் தூக்கிப் பார்த்து, கழுத்தில் கயிறிட்டுச் சிறிது தூரம் நடத்தினால், வளர்ந்தபின் லாடம் கட்டும்போதும் மருந்து கொடுக்கும்போதும் பத்துப் பேர் பிடிக்கவேண்டியதில்லை.

மூக்குக் குத்துதலை அனுபவசாலியைக் கொண்டோ, கால்நடை மருத்துவரைக் கொண்டோ செய்விக்க வேண்டும். ஊசி சுத்தமாயிருத்தல் அவசியம். மூக்கின் நடுச்சுவரில் மெல்லிய பாகமும் தடித்த பாகமும் உண்டு. மெல்லிய பாகத்தில் குத்தினால் சீக்கிரம் ஆறும். தடித்த பாகத்தில் குத்தினால் சீழ் வைக்கும். புண் முற்றும் ஆறும் வரையில் மூக்கணாங்கயிற்றை இழுக்கலாகாது. ஆறாத மூக்கை இழுத்துப் பழக்கிய மாடு மனிதன் கையைக் கண்டாலே தலையை மேலே தூக்கும். அந்தக் குணம் ஆயுள் முழுதும் மாறாது. மூக்கணாங்கயிறு மாட்டுக்கு ஜாடை காட்டுவதற்காக ஏற்பட்டதேயன்றித் தண்டிப்பதற்காக ஏற்பட்டதன்று.

காயடிப்பதற்குப் பழைய நாளில் கல்லால் நசுக்கும் கொடிய முறை இருந்தது. இப்பொழுது பர்டிசோ இடுக்கியால், தோலைக் கிழிக்காமல், உள்ளே செல்லும் நரம்பையும் இரத்தக் குழாயையும் நசுக்கி மருத்துவர் செய்கிறார். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும்படி கேட்டுக்கொள்வது நலம்.

நுகத்துக்குப் பழக்குவதைச் சுமார் மூன்று வயதில், உடம்பு திடப்பட்டபின் ஆரம்பிக்கலாம். ஒழுங்கு பின்வருமாறு:

முதலாவது, நுகத்தடியை மோந்து பார்க்க விட்டு, கழுத்தில் வெறுமனே வைத்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வயது முதிர்ந்த சாதுவான மாட்டோடு ஜோடி சேர்த்து, இழுப்பு ஒன்றுமில்லாமல் நடத்த வேண்டும். நல்ல கிழமாட்டைப் போன்ற உபாத்தியாயர் வேறில்லை.

மூன்றாவது, இலேசான ஒரு கட்டையை இழுக்கச் செய்யவேண்டும். பின்னால் ஏதோ தொடர்ந்து வரும் சப்தத்துக்குப் பழகுவதே இதன் கருத்து.

நான்காவது, முன்பே உழுத இலேசான மண்ணில் ஏர் பூட்ட வேண்டும். கடைசியாகவே வெறும் வண்டியும், அதன்பின் பார வண்டியும்.

ஒரு நாளைக்குக் கால் மணி அல்லது அரை மணிக்கு மேல் பழக்கலாகாது. சொன்னதை மாடு ஒழுங்காய்ச் செய்த சமயத்தில் அன்றைய பாடத்தை நிறுத்தி, நுகத்தை இறக்கி, கழுத்தைத் தேய்த்துவிட வேண்டும். முரண்டு பண்ணும்போது அவிழ்த்துவிட்டால், முரண்டினால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். நடக்க ஒரு சொல், நிற்க ஒரு சொல், இடம் வலம் திரும்ப ஒவ்வொரு சொல் என்று ஏற்படுத்திக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லோரும் அச்சொற்களையே வழங்க வேண்டும். தகப்பன் ஒரு சொல்லும் மகன் வேறு சொல்லும் வழங்கினால் மாடு எதைக் கேட்கும்? வலத்தனை வலத்திலும் இடத்தனை இடத்திலுமே எப்போதும் பூட்டுவதும் இதைச் சேர்ந்ததே.

இரண்டு உழவர்கள்

ஒரே சந்தையில் ஒரே விலைக்கு இரண்டு உழவர் ஆளுக்கொரு ஜோடி வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல்வர் மறுநாட் காலையிலேயே ஏர் பூட்டினார். புதிய இடம், புதிய குரல், புதிய தீனி. இடத்தன் படுத்துக்கொண்டது. வாலை முறுக்கினார், எழுந்து பாய்ந்தது. தார்க்குச்சியால் குத்தினார்; கொழு நுனி வலத்தனுடைய பின்னங்காலில் வெட்டிற்று. ஒரு மாதம் கட்டுத்தறியில் நின்று தின்ற தீனி ஒரு செலவு. கூலிக்கு டிராக்டர் வைத்த பணம் மற்றொரு செலவு. சங்கத் தவணை தவறியது மூன்றாவது. படுத்தால் விடுதலை என்பதையும், மனிதன் கை நோவு தரும் என்பதையும் மாடு கற்றுக்கொண்டது நான்காவது. அது கணக்கில் எழுத முடியாத நஷ்டம்.

இரண்டாமவர் ஐந்து நாள் பூட்டவில்லை. தீனி வைப்பதும், தண்ணீர் காட்டுவதும், தேய்த்துவிடுவதும் தாமே செய்தார். ஆறாம் நாள் காலை வெயிலுக்கு முன் வெறும் நுகத்தோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். எட்டாம் நாள் ஏர் பூட்டினார். அண்டை வீட்டார் சிரித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் சிரித்தவர்கள் அவருடைய ஜோடியை இரவல் கேட்டார்கள். மாடு தன்னை நோவடித்தவனையும் தன்னைப் பேணினவனையும் முகத்தால் பிரித்தறிந்து நெடுநாள் ஞாபகம் வைத்திருக்கும் என்பது சோதனைகளாலும் அறியப்பட்ட விஷயம்.

நுகமும் வண்டியும்

மாட்டின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் பலமுறை நுகத்தடியிலேயே இருக்கிறது. கழுத்தில் படும் இடம் அகன்று, வழவழப்பாய், ஆணியும் பிளவும் இல்லாமல் இருக்கவேண்டும். ஒன்று உயரமும் ஒன்று குட்டையுமான மாடுகளை ஜோடி சேர்த்தால் பாரம் குட்டை மாட்டின்மேல் சாயும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்காமல் நான்கு விரல் நுழையும்படி இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் கழுத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். உஷ்ணமும் வீக்கமும் இருந்தால் குளிர்ந்த நீர் விட்டு, வீக்கம் வடியும் வரை பூட்டாமலிருக்க வேண்டும். இரண்டு நாள் ஓய்வில் வடியும் வீக்கத்தை அலட்சியம் செய்தால் இரண்டு மாதத்தில் ஆறாத புண்ணாகும்.

இரு சக்கர வண்டியில் பாரத்தை அச்சுக்கு நேராக, சற்றே முன்சாய்வாக ஏற்ற வேண்டும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும்; மூச்சு முட்டிய மாடு மிரண்டு ஓடும். மிதமிஞ்சிய முன்பாரமானால் கழுத்து நசுங்கும். பாரம் இறக்கும்போது முன்பக்கத்து மூட்டைகளை முதலில் இறக்குவது மிகப் பெரிய தவறு. வண்டி பின்னால் சாய்ந்து மாடுகளைக் கழுத்தோடு தூக்கிவிடும். மாட்டை அவிழ்த்து, முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்த பின்பே இறக்குதல் உத்தமம். பூட்டிய வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போவதும், சிறுவரை ஏர்க்காலில் உட்கார வைப்பதும் கூடாது.

இறக்கத்தில் வண்டியின் பாரம் முழுவதும் மாட்டின் கழுத்தில் தள்ளும். ஆகையால் சரிவு தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, தடைக்கட்டை போட்டு, ஒருவர் மாட்டின் தலைப்பக்கத்தில் ஓரமாய் நடந்து இறக்க வேண்டும். இரவில் சாலையில் செல்லும் வண்டிக்குப் பின்புறம் விளக்கோ, ஒளி பட்டால் மின்னும் தகடோ அவசியம் இருக்கவேண்டும். பின்னால் வரும் லாரிக்கு மாடு தெரியாது, விளக்கே தெரியும்.

1960-ம் வருஷத்திய பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-ல் ஏற்பட்ட விதிகள் பார மாடுகளின் வேலைக்கு எல்லை கட்டியிருக்கின்றன. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்ஷியஸுக்கு மேற்படும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டலாகாது. முள் வைத்த கோலையும், கூர்மையான வேறு கருவிகளையும் உபயோகிப்பதும் விதிக்கு விரோதமே. ஆகையால் தார்க்குச்சியின் ஆணியை இன்றைக்கே பிடுங்கிவிடுதல் நலம். விதிக்குப் பயந்து மாத்திரமன்று: குத்துப்பட்ட தொடையில் சீழ் வைக்கும், முறுக்கப்பட்ட வாலின் எலும்பு முறியும், இரண்டும் மாட்டின் விலையைக் குறைக்கும்.

அயல்நாட்டு உதாரணம்

இங்கிலாந்து தேசத்தில் டிராக்டர் வருமுன் உழவும் பார வண்டியும் பெருங் குதிரைகளைக் கொண்டே நடந்தன. ஷயர் என்னும் ஜாதிக் குதிரை ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடை, அதாவது காங்கேயம் காளையைப் போல் இரு மடங்கு இருக்கும். அவ்வளவு பெரிய பிராணியை ஓர் ஆள் இரண்டு வாரையும் தன் குரலையும் கொண்டே நடத்தினான். பலத்தால் அன்று, பலத்தில் மனிதன் குதிரைக்கு ஈடாகான். பக்கத்துக் காட்சிகளால் மருளாதபடி குதிரையின் கண்ணோரத்தில் தோல் மறைப்புக் கட்டுவதும், லாயத்தில் நுழையும்போது பேசிக்கொண்டே நுழைவதும், பழக்காத குட்டியைப் பழகிய குதிரையோடு சேர்த்துப் பூட்டுவதும் அங்கும் வழக்கம். தேசமும் பிராணியும் வேறானாலும் முறை ஒன்றாயிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அபாய அறிகுறிகள்

தலை உயர்ந்து, கண்ணின் வெள்ளை தெரிந்து, காது விறைத்து, மூச்சுச் சீறி, சாணம் நீராய்க் கழிந்தால் மாடு பயந்திருக்கிறது. அப்போது யாவரும் பின்வாங்கிச் சும்மா இருக்கவேண்டும். பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பு முழுவதையும் காட்டி, கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் மண்ணை வாரினால் அது பயமன்று, கோபம். அப்போது முதுகைக் காட்டி ஓடலாகாது. மாட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மெதுவாய்ப் பின்னோக்கி நகர்ந்து வேலிக்கோ மரத்துக்கோ அப்பால் போகவேண்டும். மனிதரை ஒரு தரம் துரத்தின காளையைச் சிறுவரிடமும் ஸ்திரீகளிடமும் விடலாகாது.

சாதுவான மாடு காரணமின்றித் திடீரென்று குணம் மாறினால் வியாதியைச் சந்தேகிக்க வேண்டும். காலில் முள், கொம்பில் புண், காதில் உண்ணி, கண்ணில் தூசி இவற்றை முதலில் பார்க்கலாம். ஆனால் ஓயாமல் கதறுவதும், எச்சில் ஒழுகுவதும், தண்ணீர் விழுங்க முடியாமையும் கண்டால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாயில் கைவிடலாகாது. அது வெறிநாய்க் கடியால் வந்த நோயாக இருக்கலாம். அதன் எச்சில் மனித உயிருக்கு அபாயம். உடனே தனியாய்க் கட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பவேண்டும். எச்சில் பட்டவர் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கொம்பாலோ குளம்பாலோ பட்ட காயத்துக்குச் சாணமும் மண்ணும் அப்புவது இரண ஜன்னிக்கு வழி. அதற்கும் கழுவுதலும் ஆஸ்பத்திரியுமே பரிகாரம்.

லாடம் கட்ட மாட்டைத் தள்ளும்போது வயிறு நிறைந்திருக்கலாகாது. மிருதுவான மண்ணில், வலப்புறமாய்ச் சாயும்படி கயிற்றால் மெல்லத் தள்ள வேண்டும். பெரிய இரைப்பை இடப்பக்கத்தில் இருப்பதே இதற்குக் காரணம். வேலை முடிந்தவுடன் எழுப்பிவிட வேண்டும். நெடுநேரம் கிடந்தால் வயிறு உப்பும்.

கால்நடைகளை ஒரு காலத்தில் கூட்டங் கூட்டமாய் மடித்த வெக்கை நோய் உலகத்திலேயே இல்லாதொழிந்தது என்று 2011-ல் பிரகடனம் செய்யப்பட்டது. ஊர் ஊராய்த் தடுப்பூசி போட்டதனாலும், நோய் கண்டவுடன் மறைக்காமல் தெரிவித்ததனாலும் அது கைகூடியது. அவ்வளவு பெரிய நோயையே ஒழிக்க முடிந்ததென்றால், தொழுவத்தில் நேரும் விபத்தை ஒழிப்பது முடியாத காரியமன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சங்கங்கள் அதிகச் செலவில்லாமல் நான்கு காரியங்கள் செய்யலாம். மாட்டுக் கடன் கொடுக்கும்போது மாட்டின் பல்லோடு குணத்தையும் பார்த்தறிய அனுபவமுள்ள அங்கத்தினர் இருவரை அனுப்பலாம். கடனோடு கால்நடை இன்சூரன்ஸையும் சேர்த்துச் செய்யலாம். புது உழவர்கள் தங்கள் காளையைப் பழக்குவதற்குச் சாதுவான முதிய மாடு வைத்திருப்பவர் யார் என்று ஒரு ஜாபிதா எழுதி வைக்கலாம். வருஷத்துக்கு ஒரு தரம், உழவு தொடங்கும் முன், கால்நடை மருத்துவரை அழைத்து ஊர் நுகத்தடிகளையும் மாட்டுக் கழுத்துகளையும் பார்வையிடச் செய்யலாம்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது இதனினும் எளிது. இன்று வீடு சென்றதும் விளக்கோடு தொழுவத்துக்குப் போய், நுழையும் முன் பெயர் சொல்லி அழைத்து, தோளில் கைவைத்து, நுகம் பட்ட இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். மாடு கையை விலக்காமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தால் அந்த வீட்டுக் கடன் பத்திரமாயிருக்கிறது என்று அறியலாம். தலையைத் தூக்கி விலகினால், நாளைக் காலையிலிருந்து ஆரம்பிக்கவேண்டிய வேலை இன்னதென்று அந்த மாடே சொல்லிவிட்டது.